டாம்பரின் சத்தம் கேட்டால் அது அந்தத் தட்டு இல்லை

கேள்வி இதுதான்: "முப்பத்தைந்து வருடமாக பீட்டில்ஸ் கேட்கிறேன். ஆல்பங்கள் எல்லாம் தட்டாகவும் இருக்கின்றன, சிடியாகவும் இருக்கின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை அதே சிங்கிள்களைப் புதுப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். என்னைப் போல ஊறிப்போன ரசிகனுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் காசு பார்க்கும் வேலையா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

காசு பார்க்கும் வேலைதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்குள்ளேயே உங்களுக்கான சரக்கும் இருக்கிறது. எல்லா மறுவெளியீட்டிலும் இல்லை என்பதுதான் சிக்கல்.

முதலில், "ஆல்பங்கள் எல்லாம் இருக்கின்றன" என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் அந்தக் காலத்தில் சிங்கிள் வேறு, ஆல்பம் வேறு. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுதான் சிங்கிள். சிங்கிளாக விற்ற பாட்டையே ஆல்பத்திலும் போட்டு ரசிகனிடம் இரண்டு தடவை காசு வாங்குவது சரியில்லை என்ற எண்ணம் பீட்டில்ஸ் தரப்பில் இருந்தது. முதல் ஆல்பம், சினிமாவுக்காக வந்தவை என்று சில விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் 'ஷீ லவ்ஸ் யூ', 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்', 'பேப்பர்பேக் ரைட்டர்', 'லேடி மடோனா', 'ஹே ஜூட்' எதுவும் அவர்களுடைய பிரிட்டிஷ் ஸ்டூடியோ ஆல்பங்களில் கிடையாது. 1962 அக்டோபரிலிருந்து 1970 மார்ச் வரை ஏழரை வருடத்தில் பிரிட்டனில் 22 சிங்கிள்கள், அதாவது 44 பக்கங்கள். ஆல்பங்களில் இடம் பெறாதவற்றை 1988இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்று இரண்டு பாகமாகத் திரட்டிக் கொடுத்தார்கள். உங்களிடம் அது இருக்கும். அப்படியானால் பாட்டு எல்லாம் வந்துவிட்டதே என்பீர்கள். பாட்டு வந்துவிட்டது, தட்டு வரவில்லை.

வித்தியாசம் என்னவென்றால், பதிந்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து ஒரே பாட்டுக்கு அவர்கள் இரண்டு கலவை செய்தார்கள்: எல்லாம் ஒரே தடத்தில் வரும் மோனோ ஒன்று, இடமும் வலமுமாகப் பிரித்த ஸ்டீரியோ ஒன்று. 1960களின் பெரும்பகுதி பிரிட்டிஷ் வீடுகளில் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான். அதனால் மோனோ கலவைக்கு மெனக்கெட்டார்கள், ஸ்டீரியோவைப் பிறகு ஒரு கடமையாக முடித்தார்கள். சிங்கிள்கள் 'கெட் பேக்' வரை, அதாவது முதல் 19ம், மோனோவில்தான் வந்தன. பிரிட்டனில் அவர்களுடைய முதல் ஸ்டீரியோ சிங்கிள் 1969 மே மாதம் வந்த 'தி பாலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ'. ஆக, 1963இல் ஒரு பையன் கடையில் வாங்கிக் கேட்டதும், இன்று நாம் செயலியில் தட்டினால் வருவதும் பல இடங்களில் ஒன்றல்ல.

சின்னச் சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. 'ஃப்ரம் மீ டு யூ' மோனோவில் ஆரம்பமே ஹார்மோனிகாவோடு வரும், ஸ்டீரியோவில் அந்த இடத்தில் ஹார்மோனிகா இல்லை. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் குழுவின் பாடகர் ஜான் லெனன் வரியைத் தப்பாகப் பாடிவிட்டு, அடுத்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவது கேட்கும். சிங்கிளில் சுத்தமாக இருக்கும். 'ஹெல்ப்!' மோனோவில் முதன்மைக் குரலே வேறு பதிவு. 'லெட் இட் பி' சிங்கிளில் கிட்டார் தனி வாசிப்பு ஒன்று, ஆல்பத்தில் இன்னொன்று. 'கெட் பேக்' சிங்கிளில் பாட்டு முடிந்த மாதிரி நின்று, மறுபடி எழுந்து வரும். ஆல்பத்தில் அந்த மறுவருகை கிடையாது. முப்பத்தைந்து வருடம் கேட்டவர் காதுக்கு இதெல்லாம் சின்ன விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

'ஷீ லவ்ஸ் யூ'வின் கதை இன்னும் மோசம். குரலும் வாத்தியமும் இரண்டு தடத்தில் பதிந்த அதன் மூல டேப் காலத்தில் தொலைந்தது. மிஞ்சியது மோனோ மாஸ்டர் மட்டும். அதை வைத்து இடமும் வலமுமாகப் பிரித்துப் போலியாகச் செய்த ஸ்டீரியோதான் வெகுகாலம் ஓடியது. குரலையும் வாத்தியத்தையும் மென்பொருளால் பிரித்தெடுக்கும் வித்தை வந்த பிறகு, 2023இல்தான் அதற்கு உருப்படியான ஸ்டீரியோ பிறந்தது. அந்தப் புதுக் கலவை எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதைச் சிங்கிளின் மறுவெளியீடு என்று யாரும் விற்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வேறு பொருள்.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன டாம்பரினுக்கு வருகிறேன். மறுவெளியீட்டில் எது தவறலாம், ஏன் தவறுகிறது என்று புரிய 'லவ் மீ டூ' ஒன்று போதும்.

1962 செப்டம்பர் 4ஆம் தேதி லண்டனில், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஸ்டூடியோவில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ரிங்கோ ஸ்டார் குழுவில் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ட்ரம்ஸ் அவர். தயாரிப்புத் தரப்புக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து, 11ஆம் தேதி, ஆண்டி வைட் என்ற கூலிக்கு வாசிக்கும் ட்ரம்மரைக் கூப்பிட்டு மறுபடி பதிவு செய்தார்கள். ரிங்கோ கையில் டாம்பரினைக் கொடுத்தார்கள். சுற்றிலும் தகடுகள் கோத்த அந்த வாத்தியம் நம் கஞ்சிராவுக்குத் தூரத்துச் சொந்தம். குலுக்கினால் சலசலவென்று தனியாகத் தெரியும். பாவம் மனிதர், அன்று அதே அமர்வில் பின்பக்கப் பாட்டான 'பி.எஸ். ஐ லவ் யூ'வில் அவருக்குக் கிடைத்தது மராக்காஸ்.

ஆனால் அக்டோபர் 5ஆம் தேதி இ.எம்.ஐ.யின் பார்லபோன் சிவப்பு லேபிளில், ஆர் 4949 என்ற எண்ணோடு வெளிவந்த சிங்கிளில் இருந்தது ரிங்கோ ட்ரம்ஸ் வாசித்த முதல் பதிவுதான். அடுத்த வருடம் வந்த ஆல்பத்தில் ஆண்டி வைட் பதிவு. அதற்குப் பிறகு நிறுவனத்தில் யாரோ, இனி இந்த இரண்டாவது பதிவு போதும் என்று முடிவு செய்ய, ரிங்கோ பதிவின் மாஸ்டர் டேப் பாதுகாக்கப்படாமலே போய்விட்டது. 1964இல் அமெரிக்காவில் இந்தப் பாட்டு முதலிடம் பிடித்தபோது தட்டில் இருந்ததும் ஆண்டி வைட்தான்.

அதாவது, உலகத்தில் மிக அதிகம் பேசப்படும் குழுவின் முதல் சிங்கிளுக்கு மூல டேப் இல்லை. எப்போதெல்லாம் அதை வெளியிட வேண்டுமோ, அப்போதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் 1962 தட்டு ஒன்றைத் தேடி, முள்ளை வைத்து, அதிலிருந்து பதிந்து, கீறலைத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். இதை அறிந்துகொண்டு மறுவெளியீடுகளின் வரலாற்றைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

1976 தொடக்கத்தில் பீட்டில்ஸோடு இ.எம்.ஐ. போட்டிருந்த ஒப்பந்தம் முடிந்தது. பழைய பாட்டுகளை எப்படி வெளியிடுவது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மார்ச் மாதமே 22 சிங்கிள்களையும் பச்சை உறை போட்டு ஒன்றாகச் சந்தையில் இறக்கினார்கள். கூடவே பிரிட்டனில் அதுவரை சிங்கிளாக வராத 'யெஸ்டர்டே'வையும் சேர்த்தார்கள். அது விற்பனைத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை போனது, மற்றதில் பலவும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்தன. கலைந்து ஆறு வருடமான குழுவுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 'லவ் மீ டூ'வை வாங்கிப் போட்டவர்களுக்குக் கேட்டது டாம்பரின்.

1982இல் இருபதாம் ஆண்டு. இந்த முறை வேறு யோசனை: ஒவ்வொரு சிங்கிளையும் அது முதலில் வந்து சரியாக இருபது வருடம் ஆகும் நாளை ஒட்டி வெளியிடுவது, கூடவே படம் அச்சிட்ட தட்டும் போடுவது. ரசிகனுக்கு இது அருமையான யோசனை என்று நினைக்கிறேன். மொத்தமாகப் பெட்டியில் கொட்டாமல், அந்தக் காலத்தில் காத்திருந்தது மாதிரியே அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைத்தார்கள். 1962இல் 17ஆம் இடத்தோடு நின்ற 'லவ் மீ டூ' இந்த முறை நான்காம் இடத்தைத் தொட்டது. ஆனால் ஏழு அங்குலத் தட்டில் மறுபடியும் ஆண்டி வைட். ரசிகர்கள் விடுவார்களா? 12 அங்குலத் தட்டில் இரண்டு பதிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரிங்கோ பதிவு பழைய தட்டு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்புறம் 2012, ஐம்பதாம் ஆண்டு. இந்த முறை சிவப்பு லேபிள், பழைய எழுத்து, பழைய எண், எல்லாம் அச்சு அசலாக 1962 மாதிரி ஏழு அங்குலத் தட்டு செய்தார்கள். கடைக்குப் போகும் சமயத்தில்தான் கண்டுபிடித்தார்கள், உள்ளே இருப்பது டாம்பரின்! தட்டுகளைத் திரும்பப் பெற்று, சரியான பதிவோடு மறுபடி அச்சிட்டார்கள். அதற்குள் வெளியே போன சில தட்டுகள் இப்போது சேகரிப்பாளர்களிடம் தனி விலை போகின்றன. தப்புக்கும் ஒரு சந்தை உண்டு, இந்த வட்டாரத்தில்.

இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. ஐம்பது வருடத்தில் அந்த நிறுவனத்துக்குள் ஆட்கள் மாறியிருப்பார்கள். டேப் பெட்டியின் மேல் 'லவ் மீ டூ' என்று எழுதியிருந்தால் போதும், எடுத்துப் போட்டுவிடுவார்கள். லேபிளின் சிவப்பு நிறத்துக்கு எடுத்த கவனத்தில் பாதியை எந்தப் பதிவு என்பதற்கு எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. நீண்டநாள் ரசிகனுக்கான மறுவெளியீட்டில் முதல் வேலை இதுதான்: அன்று தட்டில் முள் ஓடும் பள்ளத்தில் என்ன இருந்ததோ அதைத் திரும்ப வைப்பது. பளபளப்பு, படப்புத்தகம், கனமான தட்டு எல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கே ஒரு அடி பட்டது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் '1962 அசல்' என்று நம்பி இந்த ஆர் 4949ஐ வாங்கினேன். வந்தது 1976 தட்டு. உறையைப் பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது, ஆனாலும் ஆசை விடவில்லை. முள்ளை வைத்தேன். ஹார்மோனிகா தொடங்கியது, பின்னாலேயே சலசல. பணம் போனது போனதுதான். அன்றைக்குத்தான் தட்டின் நடுவே இருக்கும் கிறுக்கல்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதைக் கொஞ்சம் சொல்கிறேன், பழைய தட்டு வாங்கும் ஆசை உங்களுக்கும் வரும். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்குமல்லவா, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் எழுத்துகள் தெரியும். லேபிளுக்கு நேர் கீழே பதிவின் எண் இருக்கும். 'லவ் மீ டூ'வுக்கு 17144 என்று முடிந்து, பக்கத்தில் 1 என்றும் N என்ற ஆங்கில எழுத்தும் வரும். அது எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்கிறது. அடுத்து இடது பக்கம் ஒரு தனி எண், வலது பக்கம் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகள். தட்டு தயாராகும் வழி தெரிந்தால் இது புரியும். முதலில் மெழுகு மாதிரி மென்மையான பூச்சுள்ள வட்டில் பாட்டை வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு ஒன்று, அதிலிருந்து 'மதர்' எனப்படும் அச்சு, மதரிலிருந்து 'ஸ்டாம்பர்'. ஸ்டாம்பர்தான் வினைலை அழுத்துவது. இடப்பக்க எண் எந்த மதர் என்பது, வலப்பக்க எழுத்து எத்தனையாவது ஸ்டாம்பர் என்பது.

எழுத்தை எப்படி எண்ணாக்குவது? இ.எம்.ஐ.க்கு அதில் ஒரு ரகசியச் சொல் இருந்தது. கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து பத்து எழுத்துகள்: ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி (T), டி (D). முதல் ஒன்பதும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி டி (D) மட்டும் 0. வலது பக்கம் ஜி மட்டும் இருந்தால் முதல் ஸ்டாம்பர். ஆர், ஏ என்று இருந்தால் இருபத்து மூன்றாவது. எண் சிறிதாக இருக்க இருக்க, அச்சு தேயாத காலத்தில் வந்த தட்டு என்று சேகரிப்பாளர்கள் குதிப்பார்கள். அந்தக் குதிப்பில் பாதி காதால் வருவது, பாதி கர்வத்தால் வருவது.

2019 நவம்பரில் சிங்கிள்களின் பெரிய பெட்டி ஒன்று வந்தது. 23 ஏழு அங்குலத் தட்டுகள்: பழைய 22, அதோடு 1990களில் வந்த 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்', 'ரியல் லவ்' இரண்டையும் இரண்டு பக்கமாக வைத்து ஒன்று. மோனோவில் வந்தவை மோனோ டேப்பிலிருந்தும், கடைசி மூன்று ஸ்டீரியோ டேப்பிலிருந்தும் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் புதிதாக வெட்டப்பட்டன. வெட்டியவர் ஷான் மேகீ. 2014இல் மோனோ ஆல்பங்களைக் கணினியே தொடாமல் டேப்பிலிருந்து நேராக வெட்டியதிலும் அவர் கை உண்டு. அந்த வேலையைக் கேட்டவர்களுக்கு அவர் பெயர் போதும், வேறு விளம்பரம் தேவையில்லை. கூடவே கெவின் ஹவ்லெட் எழுதிய 40 பக்கப் புத்தகம்.

புது வெட்டில் பெரிய லாபம் எங்கே தெரியும் என்றால், தாழ் சுருதியில். 1960களில் இ.எம்.ஐ. வெட்டும் அறையில் பாஸ் சத்தத்துக்குக் கடிவாளம் போட்டு வைத்திருந்தார்கள். பாஸ் அதிகமானால் பள்ளம் அகலமாக ஆடும், மலிவான பிளேயரில் முள் எகிறிக் குதிக்கும், கடைக்காரர் தட்டைத் திருப்பி அனுப்புவார் என்ற பயம். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைத் தட்டுகளில் பாஸ் வயிற்றில் வந்து மோதுவதைக் கேட்டுவிட்டு, நம்முடையதில் மட்டும் ஏன் இல்லை என்று பீட்டில்ஸ் குடைந்துகொண்டே இருந்தார்கள். 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதியும்போது குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த பால் மெக்கார்ட்னியின் பாஸுக்கு ஒரு ஒலிபெருக்கியையே மைக்காக வைத்துப் பதிந்தார்கள். வெட்டும்போதும் புதிய கருவி ஒன்றைப் பயன்படுத்தி வழக்கத்தைவிடச் சத்தமாக வெட்டினார்கள். அந்தக் காலத்து அசல் தட்டே நன்றாகத்தான் அதிரும். இன்றைய கருவியில், முள் குதிக்கும் பயம் இல்லாமல் வெட்டும்போது டேப்பில் இருந்தது இன்னும் கொஞ்சம் வெளியே வருகிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 'ஹே ஜூட்' ஏழு நிமிடம் 11 விநாடி. ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நிமிடத்துக்கு 45 சுழற்சியில் அவ்வளவு நேரம் அடைக்க வேண்டும் என்றால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு பெரிய பொறியாளர் வந்தாலும் இடம் அவ்வளவுதான். அந்தப் பாட்டு மட்டும் உங்களுக்கு முக்கியம் என்றால், 12 அங்குலத்தில் கேட்பதே நல்லது.

2019 பெட்டியில் எனக்கு உறுத்துவது உறை. பிரிட்டனில் 1967க்கு முன் பீட்டில்ஸ் சிங்கிள்களுக்குப் பட உறையே கிடையாது. நடுவில் வட்ட ஓட்டை போட்ட பார்லபோனின் காகித உறைதான், லேபிள் அதன் வழியே தெரியும். பட உறை முதலில் வந்தது 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தட்டுக்கு; பின்பக்கம் நான்கு பேரின் குழந்தைப் படங்கள். 2019இல் இதற்கு என்ன செய்தார்கள் என்றால், உலகின் வெவ்வேறு நாடுகளில் அந்தந்தப் பாட்டுக்கு வந்த பட உறைகளை எடுத்துப் போட்டார்கள். பார்க்க அழகு, அதில் குறை சொல்ல முடியாது. சில படங்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் பாட்டு வரிசை பிரிட்டிஷ், உறை வேறு நாட்டினுடையது என்றால் அது எந்தத் தட்டின் நகல்?  ஓட்டை போட்ட காகித உறையோடு தந்திருந்தால் விற்காது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதைத்தான் வாங்கியிருக்கத் தோன்றும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது. 1968இல் வந்த 'லேடி மடோனா'வின் பி பக்கம், அதாவது பின்பக்கம், 'தி இன்னர் லைட்'. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அதன் வாத்தியப் பகுதி அந்த ஜனவரியில் பம்பாயில், எச்.எம்.வி. ஸ்டூடியோவில், நம்மூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவானது. ஷெனாயும் புல்லாங்குழலும் வரும், ராக் வாத்தியம் எதுவும் கிடையாது. பல வருடம் அது அந்த பி பக்கத்தைத் தவிர வேறெங்கும் கிடைக்கவில்லை. பி பக்கங்களைப் பற்றிக் கேட்டால் இதையும், 'பேப்பர்பேக் ரைட்டர்' பின்னால் ஒளிந்திருந்த 'ரெய்ன்' பாட்டையும்தான் முதலில் சொல்வேன். வெற்றிப் பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போடும் தொகுப்புகள், 2000இல் வந்த '1' மாதிரி, இவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். சிங்கிள் மறுவெளியீட்டில்தான் பி பக்கத்துக்குச் சம மரியாதை. தட்டைத் திருப்பிப் போட்டே ஆக வேண்டும்.

இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் தயாரானவை. பிரிட்டன் 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பிறகும், இங்கே கீ கொடுக்கும் கிராமபோன்கள் வீடுகளில் இருந்ததால், பீட்டில்ஸ் பாட்டுகள் 78இலும் வந்தன. ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டுத் துண்டு மாதிரி கனம், விளிம்பில் சிறு உடைவு. தாத்தா காலத்துக் கீர்த்தனைத் தட்டுகளோடு அடுக்கி வைத்திருந்தார். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இதற்குத் துடிக்கிறார்கள். எந்தப் பெட்டித் தொகுப்பும் இதை நகலெடுக்க முன்வரவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால், இன்னொரு பிரிட்டிஷ் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 1960களின் பதிவுகள் குழுவிடம் இல்லை, ஏ.பி.கே.சி.ஓ. நிறுவனத்திடம் இருக்கின்றன. அவர்கள் 2022இல் 1963 முதல் 1966 வரைக்கும் ஒரு பெட்டி, அடுத்து மீதிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு 2005இல் பிரிட்டனில் வாரம் ஒரு சிங்கிளாக விட்டார்கள். அதில் 'ஒன் நைட்' பிரிட்டிஷ் தரவரிசையின் ஆயிரமாவது முதலிடமாக அமைந்தது. ஆனால் தொடரின் முதல் வெளியீடான 'ஆல் ஷுக் அப்' தரவரிசையிலேயே சேரவில்லை. காரணம் வேடிக்கையானது. மீதித் தட்டுகளை அடுக்கி வைக்க அதனோடு ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார்கள், அதைச் சிங்கிள் என்று கணக்கில் எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமையை 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டிய சட்டம் 2013 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 'லவ் மீ டூ' 1962இல் வந்ததால் அதற்குள் 50 வருடம் முடிந்து, பொதுச் சொத்தாகிவிட்டது. 1963 முதல் வந்தவை தப்பித்தன. அதனால் அந்த ஒரு சிங்கிளை மட்டும் பெயர் தெரியாத சின்னக் கம்பெனிகளும் ஐரோப்பாவில் வண்ண வண்ணமாக அச்சிட்டு விற்கின்றன. சட்டப்படி தப்பில்லை. ஆனால் எதிலிருந்து எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சிடியிலிருந்து எடுத்து வினைலில் அழுத்தியிருந்தால், அதற்கு உங்களிடம் இருக்கும் சிடியே போதும்.

இப்போது உங்களுக்கு நேரான பதில். கையில் தட்டு பிளேயர் இருந்து, மோனோ பாட்டுகளை ஸ்டீரியோவில் கேட்டே பழகியிருந்தீர்கள் என்றால் 2019 பெட்டி வாங்கலாம். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் ஆடுவது. ஸ்டீரியோ முள் மேலும் கீழும் ஆடுவதையும் சேர்த்துப் படிப்பதால் தூசியும் கரகரப்பும்தான் கூடுதலாக வரும். பொத்தானை அழுத்தினால் அதில் பெரும்பகுதி அடங்கிவிடும். பிளேயர் இல்லை, கேட்டால் போதும் என்றால் 2009இல் வந்த மோனோ சிடி பெட்டியில் இந்த மோனோ கலவைகள் எல்லாம் இருக்கின்றன. 1976 தட்டுகள் மலிவாகக் கிடைத்தால் கேட்க எடுத்துக்கொள்ளலாம், சேகரிப்புக்கு வேண்டாம். 1982 வரிசையில் படத்தட்டுகள் சுவரில் மாட்டத்தான் லாயக்கு, அவை பெரும்பாலும் கொஞ்சம் இரைச்சலாகவே ஒலிக்கும். 'லவ் மீ டூ' 12 அங்குலம் மட்டும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 2023இல் வந்த 'நவ் அண்ட் தென்' சிங்கிளின் மறுபக்கத்திலும் 'லவ் மீ டூ'வே இருக்கிறது, புது ஸ்டீரியோ கலவையில். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஒரே தட்டின் இரு பக்கமாக வைத்தது நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது, வாங்கியும் வைத்திருக்கிறேன்.

எதை வாங்கினாலும் பிளாஸ்டிக்கைப் பிரித்ததும் முதலில் ஆர் 4949ஐ எடுத்துப் போடுங்கள். ஹார்மோனிகாவை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் காதை வையுங்கள். சலசலப்பு கேட்டால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.